குவீன்ஸ்டவுனா, ஜாலான் புசாரா

விவாகரத்து முடிந்த பிறகும் நானும் என் முன்னாள் கணவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. ஆனால் வீடு விலைபோகவில்லை.

குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடிப் புளோக்கில் இரண்டு படுக்கையறை வீடு. ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று அரசாங்க வரம்பு உண்டு. எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்தது. இந்தியரோ மலாய்க்காரரோ வந்தால்தான் விற்க முடியும். விசாரித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், இதைக் கேட்டதும் மரியாதையாகப் போனை வைத்துவிட்டார்கள். எங்கள் ஏஜெண்ட் வாரம் தவறாமல், "வருவாங்க லா அக்கா, கொஞ்சம் பொறுங்க," என்றாள்.

ஓர் அறையில் நானும் மகளும். இன்னொன்றில் அவர். அவர் கெட்டவரில்லை. எங்களுக்குள் பேச்சு வற்றிப்போய் ரொம்ப காலமாகியிருந்தது, அவ்வளவுதான். அவர் சமையலறையில் இருந்தால் நான் அறையை விட்டு வெளியே வரமாட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூடக் கதவருகே நின்று, குழாய் மூடும் சத்தம் கேட்டு, அவர் அறைக்கதவு சாத்தும் சத்தமும் கேட்ட பிறகுதான் திறப்பேன். தமிழில் பேசினால் 'நீங்க' என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த 'நீங்க'வில் இத்தனை வருட வாழ்க்கையும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் இருவருமே சொல்லி வைத்தாற்போல் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டோம். தேங்க்யூ, சாரி, வாஷிங் மெஷின் ஃப்ரீயா. ஹோட்டலில் அடுத்தடுத்த அறைகளில் தங்கியிருப்பவர்கள் மாதிரி.

விற்றவுடன் எனக்கு ஒரு வீடு வேண்டும் என்பதால் வார இறுதிகளில் பார்க்கத் தொடங்கினேன். கடைசியில் இரண்டு இடங்களில் வந்து நின்றது.

ஒன்று ஜாலான் புசாரில். கண்டுபிடித்தது என் அண்ணன். அவருக்குச் சிராங்கூன் சாலையில் பாத்திரக்கடை, வீடும் பக்கத்திலேயே. கீழே இரும்புச் சாமான் கடைகள், எதிரே ஒரு சின்ன ஹோட்டலின் பின்பக்கம், பைப்பும் ஆணியும் இறக்கும் லாரிகள். வீடு சின்னதுதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அந்தத் தெருவில் யாருக்கும் யாரையும் தெரியாது என்று தோன்றியது. அங்கே நான் யாருடைய மனைவியாகவும் இருந்ததில்லை.

அண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்தார். சாமிப்படம் எங்கே மாட்டலாம் என்று அவரே முடிவு செய்தார். "காலையில நம்ம வீட்டுக்கு நடந்து வந்து பசியாறிட்டு, அப்படியே வேலைக்குப் போயிடலாம் பாப்பா. தனியா இருக்கிற மாதிரியே தெரியாது."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அண்ணி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இங்கேருந்து எங்க புளோக் தெரியுதே. நீ லைட்டு போட்டிருக்கியா இல்லையான்னு நான் அங்கேருந்தே பாத்துக்குவேன்."

அன்பாகத்தான் சொன்னார். அவர் நகர்ந்ததும் நான் ஜன்னலைச் சாத்தினேன்.

இன்னொரு வீடு குவீன்ஸ்டவுனிலேயே, இப்போதிருக்கும் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி. நல்ல காற்று, ஜன்னலுக்கு வெளியே பெரிய மழைமரம். மகள் பள்ளிக்கு நடந்தே போகலாம், அடுத்த வருடம் அவளுக்குப் பெரிய தேர்வு. எல்லாவற்றையும் எடைபோட்டால் இதுதான் சரி. ஆனால் என் முன்னாள் கணவரும் அதே பேட்டையில்தான் வீடு வாடகைக்கு எடுப்பதாக இருந்தார். அதே எம்ஆர்டி ரயில் நிலையம், அதே சந்தை. சந்தையில் மீன் விற்கும் அம்மாவுக்கு எங்கள் கதை தெரியாது. சனிக்கிழமை தோறும் கணவருக்குப் பிடித்த மீன்தலையை எனக்கென்று எடுத்து வைத்திருப்பார். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து வாங்கி வந்து, குழம்பு வைத்து, அடுப்பிலேயே விட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவர் சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

இங்கே வாங்கினால் ஆயுளுக்கும் அந்த மீன்தலையை வாங்க வேண்டியிருக்கும். அங்கே வாங்கினால் விளக்கைக்கூட அண்ணியைக் கேட்டுத்தான் அணைக்க வேண்டும். வேலையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் மனம் இந்த இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது. மூன்றாவதாக ஓரிடம் தேடலாம்தான். என் வருமானத்துக்குள் வந்ததெல்லாம் என் வேலையிடத்திலிருந்தும் மகள் பள்ளியிலிருந்தும் தீவின் மறுகோடியில் இருந்தன.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இளம் தமிழ் முஸ்லிம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். மனைவி மாசமாக இருந்தார். விவாகரத்து என்று தெரிந்தால் அவசரம் என்று நினைத்து விலையைக் குறைப்பார்கள், எதுவும் சொல்லவேண்டாம் என்று ஏஜெண்ட் எச்சரித்திருந்தாள். நானும் முன்னாள் கணவரும் வெகுநாளைக்குப் பிறகு ஹாலில் ஒன்றாக நின்றோம். அவரும் தமிழுக்குத் திரும்பியிருந்தார்.

"தொழறதுக்குக் கிப்லா எந்தப் பக்கம் வரும் அண்ணே?" என்று அந்தப் பையன் கேட்டார். அவர் சரியாகத் திரும்பிக் காட்டினார். பிறகு உற்சாகமாகி, மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எந்த ஜன்னலை முதலில் மூட வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். சமையலறை ஜன்னல் பக்கம் வந்ததும், "காலையில காத்து இங்கதான் வரும். என் வைஃப் இங்க நின்னுதான் காபி குடிப்பா," என்றார். சொன்ன பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் கொக்கியைப் பிடித்துக்கொண்டார். அவர் அதைக் கவனித்திருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தப் பெண் என்னிடம், "இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டு எங்கக்கா போறீங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவில் இருந்த மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அப்பா குவீன்ஸ்டவுன்லயே இருப்பாங்க. அம்மா ஜாலான் புசார் போறாங்க. நான் இன்னும் டிசைட் பண்ணல."

ஏஜெண்ட் குளியலறை டைல்ஸைப் பற்றி ஏதோ சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு மகளைக் கீழே கூட்டிப் போனேன். கல் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"ஜாலான் புசார்னு நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லல. ஆனா அந்த வீட்டைப் பத்திப் பேசும்போது உங்க வாய்ஸ் வேற மாதிரி இருக்கு."

"உன் ஸ்கூலுக்காக இங்கேயே பாக்கலாம்னு..."

"எனக்காகன்னு மட்டும் செய்யாதீங்கம்மா. பின்னாடி அதை நான்தான் தூக்கிக்கிட்டு இருக்கணும்." போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எக்ஸாம் முடியற வரைக்கும் வீக்டேஸ் அப்பாகிட்ட இருக்கேன். வெள்ளிக்கிழமை வந்துடறேன்," என்றாள்.

அவள் எல்லாவற்றையும் முன்பே யோசித்து வைத்திருந்தாள். எங்களோடு அந்த வீட்டில் அவளும்தான் அடைபட்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் தம்பதியே வீட்டை வாங்கினார்கள். நான் ஜாலான் புசார் வீட்டை வாங்கினேன். சாவி வாங்கிய அன்றே அண்ணனிடம், "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வாங்கண்ணே," என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "சரி," என்று மட்டும் சொன்னார். சில வாரங்கள் வரவே இல்லை. பிறகு வரத் தொடங்கினார், போன் பண்ணிவிட்டுத்தான். என்ன, வாசலில் நின்றுகொண்டு பண்ணுவார். மணி அடிப்பது உள்ளேயும் வெளியேயும் கேட்கும். நான் சிரித்துக்கொண்டே திறப்பேன், சில நாள் சிரிக்காமலும் திறப்பேன்.

அண்ணிக்கு விளக்கு தெரியாமல் இருக்கக் கனமான திரை போட்டேன். திரைக்குப் பின்னால் அறை இருட்டாக இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை ஒருவரும் இல்லாத வீட்டில், எந்தக் கதவையும் யோசிக்காமல் திறக்கலாம் என்ற நிலையில், சமையலறைக்கு எழுந்து போகவே தோன்றுவதில்லை. படுக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை மகள் வருகிறாள். லாரிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று குறை சொல்வாள், மறுநாள் மத்தியானம் வரை தூங்குவாள். போன வாரம் தன் துணிகளில் பாதியை என் அலமாரியில் அடுக்கிவிட்டு, "இந்த ஷெல்ஃப் என்னோடது, ஓகே?" என்றாள். என் புடவைகளை மேல்தட்டுக்கு மாற்றினேன்.