அன்னாளின் நீல வண்டல்

சின்னக்கானல் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் மருந்து கலக்குகிறவள் அன்னாள். ஐம்பத்து மூன்று வயது. காலை ஏழு மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தால் மாலை நாலு வரை பீப்பாயும் அவளும்தான். சுண்ணாம்புத் தூசி நெஞ்சில் இறங்கி இறங்கி, இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று யாரும் லேசாகச் சொல்லிவிடலாம். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இடுப்பொடிந்து கிடக்கும் கணவன் மிக்கேல்ராஜைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

அவளை அங்கே கட்டிப்போட்டது வேறு யாருமில்லை, அவள் கைதான். துருசு என்கிற மயில்துத்தக் கரைசலையும் சுண்ணாம்புப் பாலையும் சேர்த்தால் நீலமாக ஒரு வண்டல் திரளும். அழுகல் நோய்க்கு அதுதான் மருந்து. பூச்சிக்கு வேப்பெண்ணெயும் அதிலேயே கலக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் லேசில் சேருமா? சோப்புப் போட்டுப் பார்த்தார்கள். சுண்ணாம்பு பட்டுத் திரிதிரியாய்ப் போனது. ஒருநாள் சோப்பு வந்து சேரவில்லை. அன்னாள் வண்டல் திரண்ட கையோடு எண்ணெயை நூலாக ஊற்றிக் கலக்கினாள். பொடிப்பொடியான நீலத் துகள்கள் ஒவ்வொரு எண்ணெய்ச் சொட்டையும் சுற்றி ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுத்துவிட்டன. பிரியாமல் பாலாக நின்றது. கெட்டிக்காரி என்றார்கள். அன்றைக்குப் பிடித்த சனி, பதினோரு வருஷமாக விடவில்லை.

நடுவில் இரண்டு பேரைப் பழக்கிப் பார்த்தாள். வண்டலைத் திரட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள் மகராசன்கள். வைத்திருக்க வைத்திருக்கத் துகள் பெருத்துவிடும், எண்ணெயைப் பிடிக்காது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! எண்ணெய் தனியே பிரிந்து, மருந்து பட்ட செடியெல்லாம் கருகியது. அதோடு வேறு ஆளைப் பழக்குகிற பேச்சு நின்றுபோனது.

இந்த மழைக்கு முன்னால் நாற்றங்காலில் ஓர் இடம் காலியானது. உட்கார்ந்தபடி பையில் மண் நிரப்புகிற வேலை, நல்ல காற்று. சூப்பர்வைசர் பூபதிராஜாவிடம் மூன்று முறை கேட்டாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஓட்டினார். கை கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்தால் தானாக மாற்றுவார்கள் என்று அன்னாள் கணக்குப் போட்டாள். மறுநாள் வண்டலைத் திரட்டிவிட்டு மதியம் வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எண்ணெயை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளாக மேலே மிதந்தது. பார்க்கவே அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பூபதிராஜா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"ஒங்க கையே தவறுதுன்னா, வேற ஆள நம்பி இத எப்படிக்கா விடுறது?" என்றார்.

நாற்றங்காலுக்குக் களையெடுக்கிற இருதயம்மாளை அனுப்பியாயிற்று என்றும், ரிட்டயர் ஆகிற வரைக்கும் அன்னாளைக் கொட்டகையை விட்டு மாற்றவே கூடாது என்று மேனேஜரிடம் சொல்லப்போவதாகவும் சொன்னார். அன்னாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணும்னுதான் சார் கெடுத்தேன். என்னைய வெளிய விட்ருங்க, மூச்சு முட்டுது."

அவர் சிரித்தார். "தப்பிப் போச்சுன்னு ஒத்துக்க ஒங்களுக்கு ரோசம். வேணும்னு கெடுக்குற ஆளாக்கா நீங்க?"

பீப்பாயைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொல்லிப் போய்விட்டார். உண்மையைச் சொல்லியும் எடுபடாதவள் வேறென்ன செய்வாள்? துருசைக் கரைத்தாள், சுண்ணாம்புப் பாலைச் சேர்த்தாள், உடனே எண்ணெயை விட்டுக் கலக்கினாள். கொஞ்சமும் பிரியாமல் நின்றது. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கையெல்லாம் சுண்ணாம்பு, துடைக்கவும் வழியில்லை.