ஆலோசனை அறையில் ஓர் ஏணை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் நாலாம் வகுப்பில் கொஞ்சக் காலம் நான் படித்தது வகுப்பறைக்குள் அல்ல. பள்ளிக்கூட வேலிக்கு வெளியே, இடுப்பில் தம்பியோடு.

அம்மா அந்த வருடம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தம்பிக்கு அப்போது பேச்சுக்கூடச் சரியாக வரவில்லை. படுவான்கரையில் ஆற்றோரம் எங்கள் வீடு. வாவி என்று புத்தகத்தில்தான் எழுதுவோம், எங்களுக்கு அது ஆறு. அதே வளவில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தனியாக இருந்தாள். அப்பா விடியும்போதே தோணியில் வலை வீசப் போய்விடுவார். பெரியம்மா துறையடி மீன் வாடியில் இறால் உரிக்கப் போவாள். மிச்சமிருந்தது நான். ஆகவே தம்பி என் இடுப்புக்கு வந்தான், என் புத்தகப் பை சுவரில் ஆணிக்குப் போனது.

நான் அழவில்லை. வீட்டில் இருந்தாலும் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும், வேலியோரம் நின்றாலும் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் வேலியோரம் போய் நின்றேன். எங்கள் வகுப்பு ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. கரும்பலகையில் எழுதுகிற கணக்கை ஈர்க்கால் மணலில் செய்வேன். தம்பி காலால் அழிப்பான். திரும்பவும் செய்வேன்.

அப்படிச் செய்துகொண்டிருந்தபோதுதான் ஆலோசனை ரீச்சர் என்னைப் பிடித்தார். அவர் அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். காலையில் தன் ஸ்கூட்டியையும் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து வருவார். பிள்ளைகளின் மனக் கஷ்டங்களைக் கேட்பதுதான் அவருடைய வேலை என்று அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்திருந்தார். பிள்ளைகள் உடனே அவருடைய அறைக்கு ‘விசர் அறை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், பைத்தியம் பிடித்தவர்கள் போகிற அறையாம். அங்கே கூப்பிடப்படுகிறவனுக்கு அன்று முழுவதும் பின் வரிசை வாங்கிலிருந்து “விசரன், விசரன்” என்று பாட்டு. ஆகவே அறை எப்போதும் காலியாகவே இருந்தது. ரீச்சருக்கு வெளியில் நடந்து திரிய நேரமும் இருந்தது.

மணலைக் குனிந்து பார்த்து, “என்ன பிள்ளை, கணக்குச் சரியோ?” என்று கேட்டார்.

“எனக்குச் சரி ரீச்சர். உள்ளுக்கு இருக்கிறாக்கள்தான் பிழையாச் செய்றாங்க.”

அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா எழுந்து, கதிரையைத் துடைத்துப் போட்டார். ரீச்சர் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். “ஓம் ரீச்சர். திங்கக்கிழமை அனுப்புறன்” என்றார். திங்கட்கிழமை நான் வேலியோரம் நின்றேன். ரீச்சர் மறுபடி வந்தார். அப்பா மறுபடி தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த முறை ரீச்சரின் குரல் உயர்ந்துவிட்டது.

“நீங்கள் தகப்பன்தானே? ஒரு சொல்லுச் சொன்னால் காப்பாற்ற வேண்டாமோ?”

அப்பா வலையின் கண்களை எண்ணுகிறவரைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பாட்டக் கேட்டு என்ன ரீச்சர்? இது அம்மாட வீடு. பெரியம்மாட்டயெல்லோ கேக்கணும்.”

எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அம்மா இல்லாதபோது அந்த வீட்டில் எது நடக்க வேண்டும் என்பது அம்மாவின் அக்கா வாயில் இருந்தது. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். தன் சொல் அங்கே செல்லாது என்பதை வெளியூர்ப் பெண் ஒருத்தியின் முன்னால் அப்பாவால் சொல்ல முடியவில்லை. தலையாட்டத்தான் முடிந்தது.

ரீச்சர் தனக்குள் சிரித்தார். “இவ்வளவு நாளும் பிழையான வாசலிலை நிண்டிருக்கிறன்” என்றவர், அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா பதறிப்போய் அதற்கும் “ஓம் ரீச்சர்” என்றார்.

அடுத்த நாள் ரீச்சர் வாடிக்குப் போனார். நானும் தம்பியோடு பின்னால் போனேன். அவர் படிப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. பெரியம்மாவின் எதிரே குந்தி, ஒரு கை இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினார். முள் குத்தி விரலில் இரத்தம் வந்தது. விடவில்லை.

“இஞ்ச பாருங்க கா, ரீச்சர் உரிச்ச இறால! பூனையும் எடுக்காது” என்றாள் பெரியம்மா. வாடி முழுக்கச் சிரித்தது. ரீச்சரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பெரியம்மா தானாகவே தொடங்கினாள்.

“படிப்பு வேணாமெண்டு நான் சொன்னனா ரீச்சர்? சின்னவன ஆரு பாக்கிற? நான் வீட்ட இருந்தா ரெண்டு அடுப்பும் எரியாது.”

“நான் ஒரு பிள்ளையைக் கேக்கேல்லை அக்கா. ரெண்டு பேரையும் அனுப்புங்கோ” என்றார் ரீச்சர்.

அப்படித்தான் ஆலோசனை அறையின் கூரை வளையில் தம்பிக்கு ஏணைத் தொட்டில் தொங்கியது. பெரியம்மாவே தன் பழைய சேலையோடு வந்து, ரீச்சர் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து எறிந்துவிட்டு, தன் முடிச்சைப் போட்டாள். தம்பியை அதில் போடுமுன் தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தாள். அதிபர் வந்து வாசலில் நின்றார்.

“இதென்ன பள்ளிக்கூடமா? நாளைக்கு ஆட்டையும் கொண்டு வந்து கட்டுவாங்க.”

“ஆட்டுக்காக ஒரு பிள்ளை வீட்டிலை நிண்டால், ஆட்டையும் கட்டுவம் சேர்” என்றார் ரீச்சர்.

அதிபர் போய்விட்டார். பிறகு இடைவேளைகளில் அவரும் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார், தம்பி தூங்குகிறானா என்று.

விசர் அறை என்ற பெயர் தானாகவே செத்தது. ஏணை ஆட்ட வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தகப்பன் செத்ததிலிருந்து யாரோடும் பேசாத ஒரு பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவன் ஏணையை ஆட்டியபடி என் தம்பியிடம் மெல்ல மெல்ல ஏதோ சொல்லத் தொடங்கினான். ரீச்சர் மூலையில் வர்ணக் கடதாசி வெட்டிக்கொண்டிருப்பார், காது கேளாதவரைப்போல. எனக்கோ எரிச்சல். என் தம்பியை ஊர் முழுவதும் ஆட்டுகிறதே! ஆனால் என் கைகள் இரண்டும் இப்போது எனக்கே மிச்சமாக இருந்தன. அந்தத் தவணைப் பரீட்சையில் கணக்கில் நான்தான் முதலாவது.

நடுப்பகலில் வாடி வேலை முடிந்ததும் தம்பியைக் கூட்டிப்போகப் பெரியம்மா வருவாள். ஏணையிலிருந்து பிள்ளையை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, மறுபடி உள்ளே போவாள். ரீச்சர் கதவைச் சாத்துவார். நெடுநேரம் கழித்து அவள் வெளியே வரும்போது கண்கள் சிவந்திருக்கும். என்னைப் பற்றித்தான் முறைப்பாடு என்று எனக்கு நிச்சயம். மறுபடி வேலிக்கு வெளியே போவதற்கு நான் தயாராக இல்லை. ஆகவே சொல்லாமலே வளவைக் கூட்டினேன், பாத்திரம் கழுவினேன், தம்பி அடித்தாலும் திருப்பி அடிக்கவில்லை. அப்படியும் கதவு மூடிக்கொண்டேதான் இருந்தது.

நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட காலையில், அப்படி என்னதான் என்மேல் குற்றம் சொன்னாய் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். பொரித்த இறாலைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்னப் பத்தியா? உன்னப் பத்தி என்ன மகள் கிடக்கு சொல்ல? இடம்பெயந்து முகாமில கிடக்கக்குள்ள, உங்கம்மாவத் தூக்க ஆளில்லையெண்டு என்ன மூண்டாம் வகுப்போட படிப்பால நிப்பாட்டினாங்க. அதத்தான் சொன்னன். அதுக்கு முதல் ஆரும் கேட்டதில்ல.”

கதவுக்கு வெளியே தம்பியோடு நின்று, எனக்காக வாதாட என்னென்ன சொல்லலாம் என்று பாடமாக்கிக்கொண்டிருந்தவள் நான். உள்ளே ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்தது, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன வேறொரு பிள்ளையை என்பது எனக்குத் தெரியாது.