முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவளிடம் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்பவர்களை அதே கட்டிலில் பத்து நாள் கட்டிப்போட வேண்டும். எனக்கு அப்படிச் சொன்னவர்கள் ஏராளம். ஏற்காட்டு மலையில், வாழவந்தியில், எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் கால் நீட்டிப் படுத்திருந்த கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்கள். உட்காரும்போது கட்டில் ஆடும். கட்டில் ஆடினால் முட்டிக்குள் உயிர் போகும். அப்படி ஆட்டிவிட்டுத்தான் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள்.

நான் முப்பத்தோரு வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். சிமென்ட் தரையில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்து, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வலது முட்டி முதலில் கைவிட்டது. ஐப்பசி மழையில் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. கல்படியில் ஏறினால்தான் பஸ் ஸ்டாப். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வருஷம் அந்தப் படியில் என்னை யாராவது தாங்கிப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. யார் தோளையும் பிடிக்காமல் நேராக நடந்து போய் பஸ் ஏற வேண்டும், அது ஒன்றுக்காகத்தான் காலை அறுக்கக் கொடுத்தேன்.

நடப்பதைக்கூடச் சமாளித்துவிட்டேன். தூக்கம்தான் என்னைக் கொன்றது. ஐம்பத்தொன்பது வயது வரை ஒருக்களித்துப் படுத்தே பழகியவளை மல்லாந்து காலை நீட்டிப் படு என்றால் எப்படி? மாத்திரையின் வேகம் அடங்கியதும் வலி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மலைக் குளிர் வேறு. கீழே பாயில் என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுத் தூங்குவார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நான் திட்டிய திட்டையெல்லாம் எழுத முடியாது. பகலில் கொஞ்சம் கண் அசந்தால் அடுத்த ஆரஞ்சுப் பை வாசலில் வந்து நிற்கும்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏணி ஏறியவர், காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து பண்ணியவர். குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. ஊரில் தங்கமான மனுஷன் என்று பெயர். முப்பத்தாறு வருஷத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து கொடுத்ததில்லை என்பது ஊருக்குத் தெரியாது. உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், அதற்குப் பிறகு பத்து நாள் பேச மாட்டார். என் அம்மா செத்துப்போன சேதி வந்து நான் சுவரில் சாய்ந்து நின்றபோது, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சோறு போட்டேன், அவர் சாப்பிட்டார். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவர் பதினோராம் நாள் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். பழைய தலையணை ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த இலவம்பஞ்சை அடுப்புச் சூட்டில் காய வைத்து, கையாலேயே உதறி உதறி எடுத்திருக்கிறார். தன்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து உறை தைத்திருந்தார். தைத்தது கோணி ஊசியால், சாக்கு மூட்டைக்குப் போடுகிற தையல். அதைக் கொண்டுவந்து என் முட்டிக்கு அடியில், சின்னக் குழந்தையின் தலையைத் தூக்குவதுபோலக் காலைத் தூக்கி, வைத்தார்.

"இப்ப எப்பிடி இருக்குது புள்ள?"

சொர்க்கமாக இருந்தது. முட்டி லேசாக மடங்கியதும் வலி அப்படியே அடங்கிவிட்டது. "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன். அன்றைக்குப் படுத்தவள் மறுநாள் பால்காரர் மணி அடித்தபோதுதான் விழித்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய நாளில், வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், நர்ஸம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். "முட்டிக்கு அடியில எதையும் வெக்காதீங்கம்மா. சொகமாத்தான் இருக்கும். ஆனா மடங்குன வாக்குலயே கால் நின்னு போயிரும், அப்பறம் நேராகாது. வெக்கறதுன்னா குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெய்யுங்க." எனக்கு நன்றாகப் புரிந்தது. முப்பத்தோரு வருஷம் தாய்மார்களுக்கு இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று பாடம் நடத்தியவளுக்குப் புரியாமல் போகுமா?

தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு படுத்தேன். ஒரு நாள் அல்ல, ஒரு மாதம். தினமும் சாயங்காலம் அவர் பஞ்சைத் தட்டிச் சரிசெய்து வைப்பார், நான் தூங்குவேன். தையலை ஏற்காட்டிலேயே பிரித்தார்கள், புண் ஆறிவிட்டது என்றார்கள். முட்டியை மடக்குகிற பயிற்சியை வருகிறவர்கள் எல்லாருக்கும் செய்து காட்டினேன். நீட்டுகிற பயிற்சி வலித்ததால் அதை விட்டுவிட்டேன். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நாளாக நாளாகச் சரியாகும் என்று சொல்லிக்கொண்டேன்.

சேலத்துக்கு மறுபடி போனபோது, பயிற்சி கொடுக்கும் பிசியோ பொண்ணு என்னைப் படுக்க வைத்துக் காலை நீட்டச் சொன்னாள். மெலிந்த பெண், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. என் முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை விட்டாள். முழங்கை வரை தாராளமாகப் போய் வந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கம்மா, முட்டிக்கு அடியில தலகாணி வெச்சுப் படுத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "நாந்தானுங்க வெச்சேன். நானே தெச்சதுங்க." பரிசு வாங்க மேடை ஏறுகிறவர் முகம் போல இருந்தது.

அந்தப் பொண்ணு அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "இத்தன பாடுபட்டு ஆபரேஷன் பண்ணி, இப்பிடிக் கெடுத்து வெச்சிருக்கீங்களே! இன்னும் மூணு வாரத்துல நேராகலீன்னா மயக்க ஊசி போட்டுத்தான் நீட்டிப் பாக்கணும். அப்பவும் முழுசா வருமான்னு சொல்ல முடியாதுங்க. ஆயுசுக்கும் நொண்டி நடக்கோணும்." அவர் தலை குனிந்து நின்றார். நான் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டேனா? இல்லை. வாடகைக் காரில் அடிவாரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஆரம்பித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் திட்டினேன். "உங்களை யாரு தலகாணி தெக்கச் சொன்னது? கேக்காம எதுக்கு வெச்சீங்க? என்ற காலே போச்சே!" வழியில் குரங்குக்குப் பழம் போட்டுப் போட்டோ எடுக்கக் காரை நிறுத்தியிருந்தவர்களையும் சேர்த்துத் திட்டினேன். கார் ஓட்டியவர் ரேடியோவை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் பழி தன்னுடையது என்று நம்பி அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதை அவரிடமிருந்து வாங்கவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் என்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

பிசியோ பொண்ணு ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தாள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, முட்டிக்குச் சற்று மேலே தொடையில் இன்னொருவர் இரண்டு கையும் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். முப்பது எண்ணும் வரை விடக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. "அம்மா கத்துவாங்க, பயப்படாதீங்க. அளவு மீறாமப் பண்ணுங்க" என்று அவருக்குச் சொல்லி, கையைப் பிடித்துப் பழக்கியும் காட்டியிருந்தாள்.

மறுநாள் காலை அவர் கை வைத்தார். அழுத்தினார். நான் அலறினேன். ஏழு எண்ணியிருப்பார். கையை எடுத்துவிட்டு அப்படியே கொல்லைக்குப் போய்விட்டார். மத்தியானம் மறுபடி வந்தார், மறுபடி அலறினேன், மறுபடி ஓட்டம். மறுநாள் என் கட்டில் பக்கமே வரவில்லை. காப்பிச் செடிக்கு நடுவில் என்னவோ பொறுக்குவதுபோலக் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். இருப்பதோ மூன்று வாரம். அதில் இரண்டு நாள் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்து வைத்துக் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

"ஏனுங்க! முப்பத்தாறு வருசமா என்னை அழ வெக்கறதுக்கு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலியே! இப்ப டாக்டரே அழ வெய்யின்னு சொல்றாங்க, இப்பப் போயிக் கை நடுங்குதா?"

அவர் உள்ளே வந்தார். மழை ஈரத்தோடு கதவோரம் நின்றார்.

"அப்பல்லாம் நான் உன்ற மூஞ்சியப் பாத்ததில்ல புள்ள" என்றார். "இப்ப அமுத்துறப்பப் பாக்க வேண்டீருக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா செத்த அன்றைக்கு என் முகத்தை அவர் பார்க்கவில்லையாம். தட்டைத் தள்ளிவிட்டுப் போனபோதெல்லாம் பார்க்கவில்லையாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

"பாருங்க" என்றேன். "பாத்துட்டே அமுத்துங்க. முப்பது எண்ணாம எடுத்தீங்கன்னா இன்னைக்கிச் சோறு கெடையாது."

கொஞ்ச நாளாக அந்தச் சோற்றை அவர்தான் ஆக்கிக்கொண்டிருந்தார் என்பது இரண்டு பேருக்கும் அப்போது நினைவில்லை. அவர் கை வைத்து, என் முகத்தைப் பார்த்தபடி எண்ணினார். நான் வாய்விட்டு அழுதேன். முட்டிக்காக மட்டும் அழவில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, ஆனால் எண்ணிக்கையை விடவில்லை.

அப்படியே மூன்று வேளை, தினமும். முழங்கை போய் வந்த இடத்தில் பத்து நாளில் உள்ளங்கைதான் நுழைந்தது. பிறகு இரண்டு விரல். ராத்திரியில் எதுவும் வைக்காமல் காலை நீட்டிப் படுத்தேன். முதல் வாரம் தூக்கமே இல்லை. அவரும் தூங்காமல் பாயில் உட்கார்ந்திருந்தார். பேசுவதற்கு ஒன்றும் இல்லாததால், எந்த மரத்தில் எத்தனை கிளை கழித்தேன் என்று எஸ்டேட் கதையைச் சொல்வார். அதைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும். இரண்டாம் வாரத்திலிருந்து எனக்கும் வந்தது.

மூன்று வாரம் முடிந்து சேலம் போகிற நாளில் கல்படியில் அவர் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஊன்றி நடந்த கம்பைக்கூடத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக ஏறி, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். மேலே வந்ததும் மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில் யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது, ஆனால் அங்கே அவரைத் தவிர யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோ பொண்ணு கையை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. "ஐயா, நீங்கதான் பண்ணுனீங்களா? அருமைங்க!" என்றாள். அவர் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தை மாதம் முடிந்ததும் இடது முட்டியையும் மாற்றிவிடலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சொன்னேன்.

"அந்தத் தலகாணி வெக்கக் கூடாதுன்னு எனக்கு மொதல்லயே தெரியுங்க. நர்ஸம்மா சொல்லீருந்துச்சு. உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பவே வேண்டாம்னு சொல்லீருக்கலாமல்லொ?"

"நீங்க எனக்குன்னு மொத மொதல்ல செஞ்சது. எப்பிடிச் சொல்றது?"

அவர் உண்மையைச் சொல்கிறவரின் குரலில், "அதுவும் செரிதான் புள்ள. நீ வேண்டாம்னிருந்தா, நான் அதோட வுட்டுருப்பேன்" என்றார்.

அந்த வார்த்தைக்கு நான் இளகியிருக்க வேண்டுமோ என்னவோ. எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஒரு தரம் வேண்டாம் என்றால் அதோடு நின்றுவிடுமாம். அது நின்றுவிடும் என்று எனக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் காலையே கொடுத்துவிட்டுப் பேசாமல் படுத்திருந்திருக்கிறேன். எவ்வளவு காய்ந்து கிடந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேன்!

"தை கழிஞ்சு இந்தக் காலையும் அறுக்கப் போறாங்க" என்றேன், பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்க. "நீங்க என்ன செஞ்சு கொண்டாந்தாலும் எனக்கு ஆகாதுன்னா ஆகாதுன்னுதான் சொல்லுவேன். தெனமும் சொல்லுவேன். அப்பவும் நீங்க செய்யோணும்."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"செரி புள்ள" என்றார்.