குழாய்க்குள் நின்ற எல்க்

எங்கள் பனிக்காட்டு ஊரில் ஒருவரை உயர்வாகச் சொல்ல வேண்டுமென்றால், "அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை" என்போம். அதற்கு மேல் புகழ்ந்தால் அவரே எழுந்து போய்விடுவார். தோர்டிஸ் அப்படிப்பட்டவள். முதியோர் இல்லத்துச் சலவையறையில் வேலை, சாயங்காலம் வீடு, ஞாயிற்றுக்கிழமை வாஃபிள் சுடுவது. அவளுக்கென்று ஓர் ஆசை இருக்கும் என்று ஊரில் யாரும் யோசித்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நானும் யோசித்ததில்லை.

அவள் கணவன் ஹல்வோர், எங்கள் வேட்டைக் குழுவின் நாய்க்காரன். இலையுதிர்காலத்தில் நாங்கள் துப்பாக்கியும் காப்பிக் குடுவையுமாக ஆளுக்கொரு மரத்தடியில் குளிரில் உட்கார்ந்திருப்போம். உண்மையில் வேலை செய்வது பிர்க் மட்டும்தான். சாம்பல் நிறம், சுருண்ட வால், எல்க் வேட்டைக்கென்றே பிறந்த நாய். காட்டில் எல்க் மானை மோப்பம் பிடிக்கும், முன்னால் ஓடி மறிக்கும், ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துக் குரைக்கும். மான் விழும்வரை விடாது. அந்தக் குரைப்பு கேட்டுவிட்டால் எங்களுக்கு ஒரே சட்டம்தான். வாயைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது, இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரியில் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த ஹல்வோர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழவில்லை. பிர்க் அவனுடைய பூட்ஸ் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. தோர்டிஸ் பூட்ஸையும் எடுக்கவில்லை, நாயையும் எழுப்பவில்லை. சுற்றிச் சுற்றித் தரையைத் துடைத்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் குழுத் தலைவன் எம்பிரெட் அவள் வீட்டுக்குக் கிளம்பினான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். எம்பிரெட் கதவை நிறைக்கிற ஆள். அவன் போட்டிருக்கும் பச்சைக் கம்பளிக் கோட்டு அவனுடைய முதல் எல்க் விழுந்த நாளிலிருந்து தண்ணீரைப் பார்த்ததில்லை. துவைத்தால் வேட்டை ராசி போய்விடுமாம். அதில் எத்தனை மானின் ரத்தமும் கொழுப்பும் ஊறியிருக்கிறது என்பது அந்த மான்களுக்குத்தான் தெரியும். அவன் உள்ளே வந்ததும் தோர்டிஸ் சன்னலைத் திறந்துவிட்டாள்.

"நாய் குழுவோடது, தோர்டிஸ்" என்றான் எம்பிரெட். "குட்டியா இருக்கும்போது நாங்க வாங்கிட்டு வந்தது. ஹல்வோர்கிட்ட விட்டு வெச்சிருந்தோம், அவ்வளவுதான்."

"இத்தன வருஷமா சோறு போட்டது யாரு?"

"சோறு போட்டா ஆச்சா? சொன்ன பேச்ச கேக்கணும்ல. உன் பேச்ச கேக்குமா அது?"

"கேட்டா?"

"என்ன கேட்டா?"

"என் பேச்ச அவன் கேட்டான்னா, எங்கிட்டயே இருக்கட்டுமா?"

எம்பிரெட் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆகஸ்ட் மாத ஊர்த் திருவிழாவில் நாய்களுக்குத் தடையோட்டம் நடக்கும். சுருட்டை முடி நாய்களும் ஆடு மேய்க்கும் நாய்களும் எசமானின் விரலைப் பார்த்து வேலி தாண்டும், பலகையில் ஏறும், துணிக்குழாய்க்குள் நுழைந்து வெளியே வரும். எல்க் நாயை அதற்குக் கூட்டிப்போகிறவன் எங்கள் பக்கம் பிறக்கவேயில்லை.

"அந்த ஓட்டத்த ஒழுங்கா முடிச்சுக் காட்டு. நடுவர் வெளிய அனுப்பாம இருந்தாலே போதும், நாய் உன்னோடது. இல்லேன்னா வேட்ட தொடங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்துடணும்."

தோர்டிஸ் எழுந்து கையை நீட்டினாள். எங்கள் ஊரில் கைகுலுக்கிவிட்டால் வக்கீலுக்கு வேலையில்லை.

குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவள் சில்யே என்ற இளம்பெண். அவள் அதுவரை பழக்கிய நாய்களெல்லாம் "அடுத்து என்ன செய்யட்டும்" என்று கேட்கும் சாதி. பிர்க், "எதுக்கு?" என்று கேட்கும். வேலியைத் தாண்டச் சொன்னால் வேலியைச் சுற்றி நடந்து போய் அந்தப் பக்கம் உட்காரும். தொத்திறைச்சித் துண்டைக் காட்டினால் முதலில் துண்டை வாங்கிக்கொள்ளும், பிறகு படுத்துவிடும். ஏறி இறங்கும் பலகையில் நட்ட நடுவில் நின்று இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்க்கும். வளைந்து வளைந்து ஓடுவதற்காக நட்டிருந்த கம்புகளில் ஒன்றைப் பிடுங்கி வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டது.

"கூப்பிட்டா வரணும், தோர்டிஸ்" என்பாள் சில்யே.

"வருவான். யோசிச்சிட்டு இருக்கான்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"அவனுக்கு அவசரம் கெடையாது."

ஒருநாள் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். குழாய்க்குள் எப்படிப் போக வேண்டும் என்று காட்டுவதற்காகத் தோர்டிஸ் தானே முட்டி போட்டு உள்ளே நுழைந்தாள். தலையில் புல்லோடு அந்தப் பக்கம் வெளியே வந்தால், அங்கே பிர்க் ஏற்கெனவே உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தது. அவள் புல்லிலேயே மல்லாந்து விழுந்து சிரித்தாள். ஹல்வோர் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். அதற்கு முன்னால் கேட்டேனா என்றும் சந்தேகமாக இருந்தது.

"தோத்துட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஹல்வோர் இருந்தப்ப இவன் என்னை ஏறெடுத்தே பாத்ததில்ல" என்றாள். "இப்ப எந்த வேலி முன்னாடி நின்னாலும் என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுத்தான் மாட்டேங்கறான். அந்த வீட்டுல என் மூஞ்சிய பாக்க வேற யாரு இருக்கா?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஜூலைக் கடைசியில் பிர்க் என்ன நினைத்ததோ, ஒருநாள் தானாகவே எழுந்து போய் மொத்தத் தடைகளையும் ஒரே மூச்சில் ஓடி முடித்துவிட்டு வந்து படுத்தது. அதன் பிறகு நாள்தோறும் ஓடியது. சில்யேவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திருவிழாவன்று தூறல். ஊரே விளையாட்டு மைதானத்தில் குடை பிடித்து நின்றது. நடுவர் ஹாமார் நகரத்துக்காரர், சுருட்டை முடி நாய் வளர்ப்பவர். எம்பிரெட் உதவியாளனாகப் பெயர் கொடுத்திருந்தான். ஈரப் புல்லில் குழாய் வழுக்கி வழுக்கி நகர்ந்துகொண்டிருந்ததால் அதைச் சரிசெய்வது அவன் பொறுப்பு. அவனிடம் சூழ்ச்சி ஏதும் இல்லை, அதை நான் எங்கும் சொல்வேன். பிர்க்கின் முறைக்குச் சற்று முன் குழாயின் வளைவு மடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே தவழ்ந்து போனான். வளைவில் தோளும் கோட்டும் சிக்கிக்கொண்டன. இதை அவனே பிற்பாடு சொன்னான். அப்போது எங்களில் யாரும் பார்க்கவில்லை, நடுவரும் பார்க்கவில்லை. விசில் ஊதிவிட்டார்.

பிர்க் ஓடியது. முதல் வேலி, இரண்டாம் வேலி, பலகை எல்லாம் சுத்தமாக முடிந்தன. தோர்டிஸ் பக்கத்தில் ஓடினாள், கை கால் எதுவும் அவள் வசத்தில் இல்லை. கம்புகளும் முடிந்தன. மிச்சம் குழாய் ஒன்றுதான்.

குழாயின் வாயில் பிர்க் நின்றது. மூக்கைத் தூக்கியது. பிறகு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு குரைக்கத் தொடங்கியது. மான் நிற்கும்போது குரைக்கும் அதே குரைப்பு.

மைதானம் அடங்கிப்போனது. வாஃபிள் கடையில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். குடைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஆண்களும் பெண்களுமாகப் பாதி ஊர் குனிந்து உட்கார்ந்தது. பாதிரியார் விரலை நனைத்துக் காற்று பார்த்தார். காற்று வரும் பக்கம் நின்றவர்கள், தங்கள் வாடை மானை எட்டாதிருக்க, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். குழாய் ஒருமுறை குலுங்கியது. எல்க் கன்றாக இருக்கும் என்று என் பின்னாலிருந்தவர் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். நானும் ஈரப் புல்லில் மண்டியிட்டிருந்தேன்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் நடுவர்.

"உக்காருங்க சார்" என்று நான் கிசுகிசுத்தேன். "மான் கலைஞ்சுடும்."

உள்ளே இருந்த எம்பிரெட்டுக்கும் அந்தக் குரைப்பு கேட்டது. மைதானத்தில் எல்க் வந்து நிற்கிறது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். முப்பது வருடமாக எங்களுக்குப் போதித்த சட்டத்தை அவனே மீறுவானா? மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

கடைசியில் தோர்டிஸ்தான் குழாயின் மறுமுனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எம்பிரெட், வெளிய வா."

"உஷ்ஷ்" என்று உள்ளிருந்து வந்தது. "எங்க நிக்குது?"

"எது?"

"எல்க்."

"நீதான்யா எல்க்."

அவன் பின்பக்கமாகவே நெளிந்து வெளியே வந்தான். பிர்க் சுற்றி ஓடி அவனை மறித்தது. இடப்பக்கம் எட்டு வைத்தால் இடப்பக்கம், வலப்பக்கம் வைத்தால் வலப்பக்கம். ஊர் உட்கார்ந்திருக்க அவன் மட்டும் நடுவில் நின்றான். மான் விழாமல் இந்த நாய் விடாது என்பது எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான், பிறகு மெதுவாகப் புல்லில் குப்புறப் படுத்தான். பிர்க் குரைப்பதை நிறுத்தி அவன் முதுகின் மேல் ஏறிக் கோட்டைக் கவ்வி இழுத்தது. விழுந்த மானுக்கு மரியாதை செய்யும் பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

நடுவர் கையை உயர்த்தினார். "வெளியேற்றம்" என்றார்.

தோர்டிஸின் முகம் வெளுத்துப்போனது. குழாய்க்குள் ஆள் இருந்தது அவள் தப்பா என்று வாதாடியிருக்கலாம். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள் நேராக நடந்து போய், கிடந்தவனின் கைக்கெதிரே கழுத்துவாரை நீட்டினாள்.

"பேசினது பேசினதுதான். இந்தா, புடி."

"மொதல்ல இத இழு."

"உன் நாய். நீயே கூப்பிடு."

எம்பிரெட் கூப்பிட்டான். அதட்டினான். பிறகு குரலைக் குழைத்துக் கெஞ்சினான். பிர்க் ஒரு வாய் கம்பளியைப் பிய்த்துத் துப்பிவிட்டு அடுத்த வாய்க்குப் போனது.

"தோர்டிஸ், கூட்டிட்டுப் போயிடு."

"எங்க?"

"உன் வீட்டுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"அது இருக்கற வரைக்கும். போதுமா?"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் சொன்னான். வாஃபிள் கடைவரை கேட்டது. தோர்டிஸ் அப்படியே முட்டி போட்டு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கணவன் போனதற்குக்கூட ஊர் முன்னால் அழாதவள், இப்போது சத்தமாகவே அழுதாள், எனக்கும் கண் கலங்கியது. பிர்க் வாயில் கம்பளியோடு அவள் மேல் சாய்ந்து நின்றது. முன்னங்கால் ஒன்று மட்டும் இன்னும் எம்பிரெட்டின் முதுகில் இருந்தது.

"நான் எந்திரிக்கலாமா?" என்றான் அவன்.

தோர்டிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அத அவன்கிட்ட கேளு."

எங்கள் வேட்டைக் குழுத் தலைவன், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நாயிடம் கேட்டான்.