கை நனைத்த வீடு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். செங்கம் ரோட்டு ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து எந்த ஊரிலும் எனக்குக் கால் தரிப்பதில்லை. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. அது எனக்குப் புதுசும் இல்லை.

அடி அண்ணாமலை தாண்டி, வயல் ஓரத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். எழுபதை ஒட்டிய வயது. காலடியில் புல்லுக்கட்டு.

"ஒரு கை குடு நைனா" என்றார்.

தூக்கி அவர் தலையில் வைத்தேன். முகம் வெளுத்திருந்தது. "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு" என்றேன். இரண்டு பேருமே பொய்தான் சொன்னோம்.

கொஞ்ச தூரம் போனவர் கால் மடங்கிக் கட்டோடு சரிந்தார். ஓடிப்போய்த் தாங்கினேன். தலை தரையில் மோதவில்லை. கை சில்லென்று இருந்தது. அவர் சுமந்த கட்டு அவரைவிடக் கனம்.

என் சத்தம் கேட்டு, பக்கத்து நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த இன்னோர் அம்மா ஓடி வந்தார். விழுந்தவரின் ஓரகத்தி. முகத்தில் தண்ணீர் தெளித்தார். விழுந்தவர் கண் திறந்ததும் ஓரகத்தி கேட்ட முதல் கேள்வி, "என்னா சாப்ட?"

"ஆச்சு."

"ஆச்சானு கேக்கல. என்னானு கேட்டேன்."

"கடை டீயில நனைச்சு ரெண்டு பொறை."

"ராத்திரி?"

"அதான்."

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் ஒரு பசு. உள்ளே கேஸ் அடுப்பின் மேல் சிலந்தி வலை பின்னியிருந்தது. வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷமாம்.

"ஒருத்திக்கு எதுக்கு உலை வைக்கிறது?" என்றார் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல்.

"நர்ஸம்மா போன மாசமே சொன்னாங்க இல்ல, ரத்தம் கம்மி, எலும்புல பலம் இல்லனு? இன்னொரு வாட்டி வுழுந்து இடுப்பு ஒடைஞ்சா படுக்கைதான். அப்புறம் மாட்ட எவன் பாப்பான்? என் வூட்டுக்கு வாக்கா, சாப்டலாம்."

"உன் வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

கிணற்றுத் தண்ணீர் முறைக்காக எப்போதோ போட்ட சண்டை. அதற்குப் பிறகு ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வீட்டுக்காரர் சாவுக்கு வந்தபோதுகூட இந்த ஓரகத்தி சாப்பிடாமல்தான் போனாராம்.

ஓரகத்தி விருட்டென்று எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை, முட்டை. முந்தானையில் வேர்க்கடலை, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். சிலந்தி வலையைத் துடைத்து அடுப்பைப் பற்ற வைத்தார். களி கிண்டி, கீரையில் மல்லாட்டையை இடித்துப் போட்டு, முட்டை அவித்தார். தட்டில் போட்டார். அதை அக்காவிடம் நீட்டவில்லை. தானே சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டார்.

"பாத்துக்க. நான் உன் வூட்ல கை நனைச்சுட்டேன். இப்ப விருந்தாளி நானு. வூட்டுக்காரி பட்டினியா உக்காந்திருந்தா எனக்கு எப்படி எறங்கும்?"

ஊர் ஊராக அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவன் நான். சோறு போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வலியத் தோற்று, அடுத்தவர் வீட்டில் தான் சாப்பிட்டு, அதன் மூலம் அவரைச் சாப்பிட வைத்த ஒருத்தரை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கார அம்மா தனக்கும் ஒரு தட்டை இழுத்துக் களி போட்டுக்கொண்டார். பிறகு ஒரு வாய் வைத்தார். "உப்பு கம்மி."

"உன் வூட்டு உப்புதான்."

பல்லில்லாத வாயில் களி வழுக்கிக்கொண்டு இறங்கியது. முட்டையைப் பிட்டுக் கீரையில் பிசைந்து சாப்பிட்டார். ஓரகத்தி என் பக்கம் திரும்பினார். "நீயும் ஆச்சுதானா? உக்காரு."

சாப்பிட்டு முடித்ததும் ஓரகத்தியே ஒரு வழி சொன்னார். "இவன ஆளா வச்சுக்கக்கா. உனக்குக் கால் நிக்கிற வரைக்கும் புல்லு அறுக்கட்டும். ஆளு வச்சா ஆக்கித்தான் போடணும், பொறைய குடுத்து ஏமாத்த முடியாது." வாசலுக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவ தட்டுல கீரையும் முட்டையும் வுழலனா நீயும் கை வைக்காத."

மறுநாள் காலை கருக்கரிவாளோடு புல் அறுக்கப் போனேன். திரும்பி வரும்போது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பல ஊரில் பல வேலை பார்த்திருக்கிறேன். எனக்குப் பசிப்பதே இன்னொருத்தருக்கு உதவியாக இருந்த வேலை அது ஒன்றுதான்.