சிவக்காத தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளைத் ‘தட்டக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக எலும்பு கட்டும் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்ப்பது அவள் வேலை. மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவாள். ஊற்றும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பக்குவமாக யாரும் பால் புகட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த ஊட்டநீரில் ஒரு சொட்டு ஸ்டீராய்டும் சேரும். நம் உடம்பு சுரக்கும் ஒரு ஹார்மோனின் நகல் அது. செல்லுக்குள் நுழைந்து, உட்கரு வரைக்கும் போய், எந்த ஜீன் விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று உத்தரவு போடும். இதெல்லாம் படித்தவர்கள் பேசிக்கொள்வது. தட்டக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தச் சொட்டு விழுந்த தட்டில் மூன்றாவது வாரம் சாயம் ஊற்றினால், செல்கள் படியவைத்த சுண்ணாம்பெல்லாம் குங்குமம் மாதிரி சிவக்கும். சொட்டு விழாத தட்டு வெறுமனே கிடக்கும். அதை ஆயிரம் தடவை பார்த்தவள்.

எட்டு வருடத்துக்கு முன்பு அவள் தங்கைக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய். டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். எலும்பு பலவீனமாகும், வருடா வருடம் எலும்பைப் பரிசோதித்துக்கொள், கூடவே இந்த மாத்திரைகளையும் போடு என்று நீளமாக ஒரு சீட்டும் கொடுத்தார். தங்கை சீட்டை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம்தான் வந்தாள்.

“எலும்பு உளுத்துப்போயிடுமாம்க்கா. பயமா இருக்கு.”

“உனக்கு எவன் சொன்னான்? இதே மருந்தத்தான்டி நான் தினமும் செல்லுக்கு ஊத்துறேன். எலும்பு கெட்டியா வளருது. என் கண்ணால பாக்குறேன். நீ பாட்டுக்குச் சாப்பிடு. மத்த மாத்திரையெல்லாம் சும்மா வயித்தை ரொப்பத்தான்.”

பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை.

போன மாதம் தங்கை ஈரத்துணி வாளியைத் தூக்கக் குனிந்தாள். நிமிர முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் மூன்று கணுக்கள் நசுங்கியிருந்தன. நாற்பத்தொரு வயதுக்காரிக்கு.

மறுநாள் தட்டக்கா ஆய்வுக்கூடத் தலைவரின் மேஜை முன் போய் நின்று, செல்லுக்கு ஊற்றும் மருந்து எலும்பைக் கெடுக்குமா என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“நாம போடுறது துளியூண்டும்மா, அதுவும் மூணு வாரத்துக்கு. உடம்புக்குள்ள அதிகமா, வருஷக்கணக்குல போனா கதையே வேற. எலும்பு கட்டுற ஜீனை எழுப்பின அதே மருந்தே அதைத் தூங்க வெச்சிடும். செல்லும் செத்துப்போகும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாது. இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் இருந்தும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டபின்பும் நம்ப மனம் வரவில்லை. அனுமதி வாங்கி, வழக்கமான தட்டுகளுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒன்று வைத்தாள். அதற்கு மட்டும் நூறு மடங்கு மருந்து. மூன்று வாரமும் அந்தத் தட்டை மற்றதைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். எப்படியாவது சிவந்துவிடாதா என்ற நப்பாசைதான், வேறென்ன.

சாயம் ஊற்றிக் கழுவினாள். மற்ற தட்டுகள் எப்போதும்போலச் சிவந்தன. அது மட்டும் கழுவி வைத்த கண்ணாடியாக இருந்தது. அவள் கையுறையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் நேரே தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

தங்கை மார்பிலிருந்து இடுப்பு வரை முதுகுப் பட்டை கட்டிப் படுத்திருந்தாள். அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். தட்டு, துளி, நூறு மடங்கு, எல்லாம்.

“நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா நீ டாக்டர் பேச்சைக் கேட்டிருப்ப. உன் முதுகை நான்தான்டி ஒடிச்சேன்.”

தங்கை கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“டாக்டர் ஒவ்வொரு வருஷமும் கேட்டாருக்கா, பரிசோதனை பண்ணியாம்மான்னு. எங்கக்கா எலும்பு வளக்குறவ, அவளுக்குத் தெரியாததான்னு நான்தான் அவரையே மடக்குவேன். அவரும் சிரிச்சுட்டு விட்டுருவாரு.”

திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். இந்தப் பெருமையைத்தான் தாங்க முடியவில்லை.

தங்கை தலையணைக்கடியில் கையைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள். புதுச் சீட்டு. மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரமாகியும் அதிலிருந்த ஒன்றையும் வாங்கவில்லை.

“உனக்காகத்தான் வெச்சிருக்கேன். நீயும் இந்தப் பக்கமே வரல. இதுல எதைப் போடணும், எதை விடணும்னு சொல்லுக்கா.”

“இவ்வளவு சொன்னதுக்கப்புறமுமா என்னைக் கேக்குற?”

“வேற யாரைக் கேப்பேன்?”

தட்டக்கா சீட்டைக் கையில் வாங்கவே இல்லை.

“எல்லாத்தையும் போடு. ஒண்ணு விடாம.”

“நீ சொல்றியா, டாக்டர் சொல்றாரா?”

“டாக்டர் சொல்றாருடி,” என்றாள் அக்கா. “நான் ஒண்ணும் சொல்லல.”