ஹாவ் ஷுவான் சொன்ன தூரம்

தையுவான் நகரில் படிப்பை முடித்து, பட்டச் சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஊர் திரும்பிய அன்றுதான் நான் ஹாவ் ஷுவானை முதலில் பார்த்தேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் அது. பையில் வைக்க மனம் வரவில்லை. பழைய கோட்டை ஊரின் வடக்கு வாசலில், மலைக்குப் போகும் ரொட்டி வண்டிகள் வரிசையாக நின்றன. ரொட்டித் துண்டு போலச் சதுரமாக இருப்பதால் அந்தச் சின்ன வேன்களுக்கு அப்படிப் பெயர். கடைசியில் நின்ற ஹாவின் வண்டியில்தான் இடம் இருந்தது. ஹெய்ஷிகோவில் இறங்கி இன்னொரு மலை தாண்டினால் எங்கள் ஊர். வீட்டில் அம்மா கேட்பாளே என்று, போனைக் காதில் வைத்தபடியே கேட்டேன்.

"அண்ணே, ஹெய்ஷிகோ போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"அம்பத்திரெண்டு நிமிஷம். கணவாய்ல ஆடு மறிச்சா அம்பத்தேழு."

சீனாவின் ஷான்ஸி மாகாணத்தில், வடக்கு மலையில் பிறந்த எவனும் இப்படிப் பதில் சொல்ல மாட்டான். எங்கள் பக்கம் தூரம் கேட்டால் ஒரே பதில்தான். மோவாயை லேசாகத் தூக்கிக் காட்டி, "முன்னாடிதான்" என்போம். அடுத்த வீடும் முன்னாடிதான், அடுத்த சிகரமும் முன்னாடிதான். களைத்துப்போய்க் கேட்கிறவனிடம் உள்ளதைச் சொன்னால் அவன் கால் அங்கேயே விட்டுப்போகும். அவனை நடக்க வைப்பதுதான் மரியாதை. இதைப் பொய் என்று யாரும் நினைத்தது கிடையாது.

ஹாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அது எப்படி நின்றது என்பதை அவரும் அவர் மனைவி லான்யிங்கும், பல பயணங்களில், துண்டு துண்டாகச் சொன்னார்கள்.

அப்போது அவருக்கு ஐம்பத்தோரு வயது. ஆடு மேய்த்த கால்கள். பிறகு வண்டி வாங்கி, முதுகில் பை சுமந்து தனியாக வரும் பயணிகளைக் கோட்டை ஊரிலிருந்து கணவாய்க்கு ஏற்றிக்கொண்டு போவார். கணவாயிலிருந்து முகடு வழியாக ஓர் ஒற்றையடிப் பாதை வடக்குச் சிகரத்துக்குப் போகிறது. உச்சியில் சின்னக் கோயில், அதில் ஒரு துறவி. நடக்கிறவர்கள் அங்கே படுத்து மறுநாள் இறங்குவார்கள். வீட்டில் இரண்டு அறைகளை ஒழித்து லான்யிங் பயணிகளைத் தங்க வைத்தாள். அடுப்புச் சூடு ஏறும் செங்கல் படுக்கை, ஓட்ஸ் மாவைத் தேன்கூடு போல அடுக்கி அவித்த பலகாரம், தொட்டுக்கொள்ளக் காடி என்கிற வினிகர்; அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடே இறங்காது. பெரிதாக ஒரு குறையும் இல்லாத வாழ்க்கை.

அந்த அக்டோபர் விடுமுறையில் தெற்கே ஃபூஜோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஜுவோ நிங், இருபத்து நான்கு வயது. கணவாயில் இறங்கும்போது மதியம் ஒரு மணி. இறங்கியவள் பையிலிருந்து இரண்டு ஆலிவ் காய்களை எடுத்து அவர் கையில் வைத்தாள். காகிதத்தில் முறுக்கிய, சர்க்கரையில் ஊறிய காய்கள்.

"எங்க அம்மா போட்டது, மாமா. கொட்டை இருக்கும், பாத்துக் கடிங்க. பல்லு போனா நான் பொறுப்பில்ல."

"எம் பல்லு ஆட்டெலும்பு கடிச்ச பல்லு பாப்பா."

"சரி, கோயிலுக்கு எவ்வளவு தூரம்? இன்னிக்கே போயிடலாமா, இல்ல நாளைக்குக் காலைல கெளம்பவா?"

ஹாவ் மோவாயைத் தூக்கினார். "முன்னாடிதான்."

அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். நாலு மணிக்கு முகட்டில் உறைபனி கொட்டத் தொடங்கியது. மூன்றாம் நாள் கோயில் மதிலுக்கு இருநூறு அடி இப்பால், ஒரு கல்குவியலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்த நிலையில் அவளைக் கண்டார்கள். தூக்கிவரப் போன எட்டுப் பேரில் ஹாவும் ஒருவர். ஸ்லீப்பிங் பேக்கை அவள் பிரிக்கவே இல்லை. இதோ வந்துவிடும் என்று கடைசிவரை நினைத்திருக்கிறாள்.

ஹாவ் அழவில்லை. வீட்டுக்கு வந்து, கைகழுவி, சாப்பிட உட்கார்ந்தார்.

"ஏங்க, காடி ஊத்திக்கலையா?" என்றாள் லான்யிங்.

"ஊத்தினேனே."

"எங்க ஊத்துனீங்க? புட்டி மூடியே தொறக்கல."

ஷான்ஸிக்காரன் காடி இல்லாமல் ஒரு கிண்ணம் முழுக்கத் தின்று முடித்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். அதன்பிறகு அவருக்கு எது புளிப்பு, எது உப்பு என்பது தெரியவில்லை. மறுநாளும் வண்டி ஓட்டினார். டீசல் போட்டார். சக்கரத்துக்குக் காற்றடித்தார். பயணிகள் பேசினால் பதில் சொன்னார். அவர் பேசுவது அவருக்கே அடுத்த அறையில் யாரோ பேசுவது போலக் கேட்டது. அவள் கொடுத்த காய்களில் ஒன்றை ஏற்கெனவே தின்றிருந்தார். மற்றது ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த இடுக்கில் காகிதத்தோடு கிடந்தது. அதை எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

ஒரு வாரத்தில் பெண்ணின் அப்பா வந்தார். ஜுவோ பெய்ஷெங், படகுகளின் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். உடலை ஊருக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்திருந்தார். விபத்து, யார் மேலும் தப்பில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்த காகிதம் அவர் பையில் மடித்தபடி இருந்தது. அதை அவர் எதிர்க்கவில்லை. அவர் வந்தது வேறொன்றுக்கு. மகள் தன் அம்மாவுக்கு அனுப்பிய கடைசிச் செய்தி செல்போனில் இருந்தது. அதை ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் நீட்டினார்.

"கேட்டுட்டேன்மா, பக்கம்தானாம். ராத்திரி கோயில்லேருந்து கூப்பிடறேன்."

"யார்கிட்ட கேட்டாள்னு தெரிஞ்சா போதும்," என்றார் அவர். "சண்ட போட வரல."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு அதையே சொல்கிறவர்கள், யாருக்கு நினைவிருக்கும்? நினைவிருந்தது ஹாவுக்கு மட்டும்தான். அவர் முறை வந்தபோது செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். 

கணவாய்ப் பக்கம் தங்க வேறு இடம் இல்லை. அந்த மனிதர் ஹாவ் வீட்டிலேயே தங்கினார்.

வடக்கு வாசலில் பாங் ஹாவை மடக்கினான். பாங்கும் வண்டிக்காரன்தான், சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கும்.

"யோவ், மொகத்தப் பாத்தாலே தெரியுது. நீதானே?"

ஹாவ் தன் வண்டிக் கதவில் கை வைத்தார்.

"வாயத் தெறந்துடாத. நீ ஒருத்தனா சொன்ன? மலையே அதைத்தான் சொல்லுது. எங்கப்பன் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினப்பவும் முன்னாடிதான்னான். ரெண்டு மலை தாண்டினேன்."

"ம்."

"என்ன ம்? அந்தாளு நாளான்னிக்கு ரயிலேறிடுவான். மூணு நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. இல்லன்னா சாகறவரைக்கும் 'அந்தப் பொண்ணக் கொன்னவன்'னுதான் உன்னச் சொல்லுவாங்க. உன் வண்டியில எவன் ஏறுவான்?"

"ம்."

"உன்கூடப் பேசறதுக்கு உன் வண்டி கதவுகூடப் பேசலாம். அதாவது கிரீச்சுங்கும்."

பாங் சொன்னபடியே இரண்டு நாள் போனது. அந்த அப்பா காலையில் கிளம்பி ஆட்களைக் கேட்பார், மாலையில் வருவார். லான்யிங் வைத்ததைச் சாப்பிடுவார். இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றார்கள். நடுவில் காடிப் புட்டியை ஒருவரும் தொடவில்லை. சொல்லிவிடலாமா என்று யோசித்தாரா என்று நான் ஹாவைக் கேட்டிருக்கிறேன். "யோசனைன்னு ஒண்ணும் வரல தம்பி," என்றார். "கால் மரத்துப் போனா கிள்ளிப் பாப்போமே, அப்படி என்னக் கிள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

மூன்றாம் நாள் காலை, ரயிலுக்கு முன்னால் அந்தப் பாதையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் அப்பா. ஹாவ் அவரைக் கணவாய்க்கு ஏற்றிப் போனார். ஏழு மணி. காற்று இல்லை. பனி உருகி, பாதை பழுப்பாக முகட்டின் மேல் ஏறிப் போவது தெரிந்தது. அந்த மனிதர் இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், கேட்டார்.

"கோயிலுக்கு எவ்வளவு தூரம்?"

ஹாவின் மோவாய் தானாக மேலே போனது.

"முன்னாடிதான்."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. ஜுவோ பெய்ஷெங் மெல்லத் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை. மோட்டாரில் எங்கோ தட்டுகிற சத்தத்தைக் கண்டுபிடித்தவனின் கவனம் மட்டும் இருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றார் ஹாவ். "மதியம் ஒரு மணிக்கு. இதே எடத்துல. இன்னிக்குப் போகவா நாளைக்குப் போகவான்னு கேட்டா. இப்படியேதான் சொன்னேன்."

வண்டிக்குள் கைவிட்டு அந்த ஆலிவ் காயை எடுத்துக் காட்டினார். "ரெண்டு குடுத்தா. ஒண்ணத் தின்னுட்டேன்."

அப்பா காகிதத்தின் முறுக்கைப் பார்த்தார். "அவ அம்மா முறுக்கினது," என்றார். வாங்கவில்லை. பிறகு, "சரி, இப்ப நெசத்தச் சொல்லுங்க. எவ்வளவு தூரம்?"

ஹாவுக்குத் தெரியவில்லை. பத்து வயதிலிருந்து அந்த முகட்டில் ஆட்டோடு அலைந்தவர். ஆடு மேய்கிற வேகத்தில் போவார், வருவார். தூரம் என்று ஒன்றை எண்ணிப் பார்த்ததே கிடையாது.

"தெரியாது," என்றார்.

"தெரியாமலேயா சொன்னீங்க?"

"ஆமா."

அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார். ஹாவ் வண்டியைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனார்.

 முதல் மேட்டில் ஏறியதும் கோயில் கூரை தெரிந்தது. பக்கத்தில் இருப்பது போலவே தெரிந்தது. பள்ளத்தில் இறங்கியதும் மறைந்தது. இப்படி நான்கு தடவை தெரிந்து மறைந்தது. அதை ஹாவ் அன்றுதான் கவனித்தார். கல்குவியல் அருகே அப்பா நின்றார், சுற்றிலும் பார்த்தார், குனிந்து ஒரு கல்லைச் சரியாக வைத்துவிட்டு நடந்தார். மதிலைக் கையால் தொட்டபோது கடிகாரத்தைப் பார்த்து, நடந்த நேரத்தைக் கணக்கிட்டார்.

"அஞ்சு மணி இருவது நிமிஷம்."

துறவி இரண்டு கோப்பையில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். மூச்சு வாங்கியது அடங்கிய பிறகு அப்பா சொன்னார்: "இத மட்டும் சொல்லியிருந்தா மறுநாள் காலைல கெளம்பியிருப்பா. அவ சோம்பேறி, அண்ணே. காரணம் கெடச்சா தூங்கிடுவா."

மன்னிப்பு என்று ஹாவும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. மாலைக்குள் வந்த வழியே கணவாய்க்கு இறங்கினார்கள். அன்றைய ரயில் போயிருந்தது. மறுநாள் காலை அவரைக் கோட்டை ஊரின் ரயிலடியில் விட்டபோது, கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "அடுத்து யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அஞ்சு மணி இருவது நிமிஷம்."

"நான் கெழவன். வயசுப் பசங்கன்னா நாலரை." கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஹாவ் அந்தக் குளிர்காலம் முழுக்க, சவாரி இல்லாத நாட்களில், எல்லாப் பாதைகளையும் கடிகாரம் கட்டிக்கொண்டு நடந்தார். ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம், எதிர்காற்றில் ஒரு நேரம். பாங் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது. பாங் பயந்தபடி யாரும் அவரைக் கொன்றவன் என்று சொல்லவில்லை. ஆனால் பயணிகள் வடக்கு வாசலில் நின்று கோயிலுக்கு வழி கேட்கும்போது ஹாவ் "நாலரை மணி நேரம், வெளிச்சம் நாலு மணி நேரந்தான் இருக்கு, நாளைக்கு வாங்க" என்பார். பக்கத்து வண்டிக்காரன் "அட, முன்னாடிதான் வாங்க" என்பான். ஆட்கள் முன்னாடிதான் பக்கம் போவார்கள். போகிறவர்களை ஹாவ் ஓடிப்போய் மறிப்பார். இரண்டு முறை அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. சவாரி பாதியாகக் குறைந்தது.

"இப்பவாச்சும் அவரு நாக்குக்கு ருசி தெரியுதா?" என்று லான்யிங்கை ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லப்பா. காடிய நான்தான் ஊத்துறேன். ஊத்தினா தின்னுறாரு, ஊத்தலன்னாலும் தின்னுறாரு."

ஹாவ் ஷுவானுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஹெய்ஷிகோவில் அதே வீட்டில் இருக்கிறார். போன குளிர்காலத்திலிருந்து இடது முழங்கால் வலியால் முகட்டில் ஏறுவதில்லை. கோட்டை ஊருக்கும் கணவாய்க்கும் நடுவே மட்டும் வண்டி ஓட்டுகிறார். ஸ்டியரிங்குக்கு முன்னால் அந்த ஆலிவ் காய் காகிதத்தோடு அப்படியே கிடக்கிறது.